நாலாம் பத்தி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரொசிட்டாவின் ‘ஏழு சுட்டிகள்’ வெளிவராவிட்டால் உலகம் நின்றுவிடாது. ஆனால் ஏழு பேர் வீட்டில் அன்று மத்தியானச் சாப்பாடு இறங்காது. புத்தகங்களைப் பற்றித் தமிழில் வலைப்பூ எழுதுகிறவர்கள் என்றொரு இனம் இன்னும் மிச்சமிருந்தது. வலைப்பூ செத்துவிட்டது என்று மூன்று முறை அறிவித்து, மூன்று முறையும் பால் தெளித்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் முந்நூறு பேர் எழுந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த முந்நூறு பேரையும் படித்து, வாரத்துக்கு ஏழு நல்ல பதிவுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி, எல்லா வலைப்பூக்களும் வந்து சேரும் ‘ஏட்டுக்கூடு’ என்ற திரட்டியில் பகிர்வது ரொசிட்டாவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

சம்பளம் தருகிற வேலை வேறு. தூத்துக்குடித் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, உள்ளே வரும் கப்பல்களுக்கு வழி சொல்ல வேண்டும். எப்போதும் இரவு ஷிப்ட். காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஊரே அலுவலகம் போகும் நேரத்தில் கட்டிலில் சாய்ந்து பதிவுகளைப் படிப்பாள். வயது நாற்பத்தாறு. வீட்டில் அவளும் ஒரு மீன்தொட்டியும் மட்டும்.

ஏழு சுட்டிகளில் ஆறு வாரா வாரம் மாறும். ஒன்று மட்டும் பதினோரு வருசமாக மாறவில்லை. அது கோபிசெட்டிபாளையம் தெய்வாத்தாளின் ‘ஆற அமர’.

தெய்வாத்தாள் பத்திர எழுத்தராக இருந்தவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பது வருசம் கடை போட்டு, ஊரின் பாதி நிலங்களை எழுதிக் கொடுத்தவர். கடையைக் கட்டிய பிறகு புத்தக விமர்சனம் எழுத வந்தார். பத்திரம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. ஒரு நாவலை எடுத்தால் இப்படித்தான் ஆரம்பிக்கும்: “மேற்படி நாவலானது கிழக்கே முன்னுரைக்கும், மேற்கே பின்னட்டைக்கும், வடக்கே ஆசிரியரின் புகைப்படத்துக்கும், தெற்கே அச்சக முகவரிக்கும் உட்பட்டு, இருநூற்றுப் பதினெட்டுப் பக்கங்கள் கொண்டதாகவும், அதில் வந்து போகும் பாத்திரங்கள், அவர்தம் பெற்றோர், அண்டை வீட்டார் சகிதம் யாதொரு வில்லங்கமும் இன்றி...” இந்த வாக்கியம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். ஒரு பதிவுக்கு முப்பது பத்தி இருக்கும்.

ஆரம்பத்தில் அவர் இப்படி எழுதவில்லை என்பதுதான் ஆச்சரியம். முதல் ஆறு மாதம் நறுக்கென்று எழுதினார். ஒருவருடைய கவிதைத் தொகுப்பைப் பற்றி அவர் எழுதிய எட்டே வரிகளைப் படித்துவிட்டு அந்தக் கவிஞர் ஒரு மாதம் வெளியூர் போய்விட்டார். பிறகு திடீரென்று வாக்கியம் நீண்டது. பழைய தொழில் மேலேறி உட்கார்ந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ரொசிட்டா நிறுத்தவில்லை. வியாழக்கிழமை காலை பதிவு வரும். அவள் திறப்பாள். நாலாம் பத்தியில் தூங்கிவிடுவாள். மூன்று மணிக்கு எழுந்து, ஏட்டுக்கூட்டுக்குப் போய், ‘அருமை அக்கா, ரசித்துப் படித்தேன்’ என்று பின்னூட்டம் போட்டுவிட்டுச் சனிக்கிழமைப் பட்டியலில் சேர்த்துவிடுவாள். பதினோரு வருசத்தில் ஐந்தாம் பத்தியை அவள் பார்த்ததே இல்லை.

இது பொய்தானே என்று கேட்கலாம். பொய்தான். ஆனால் ரொசிட்டாவின் கணவர் பிரிந்து போன வருசம், அவளுக்குத் தூக்கமே தொலைந்துபோன அந்த வருசம், சொந்தக்காரர்கள் எல்லாம் காரணம் கேட்டுக் குடைந்தபோது, காரணம் கேட்காமல் பேசியவர் முகம் தெரியாத இந்தத் தெய்வாத்தாக்கா ஒருவர்தான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிடம் போனில் பேசுகிறார்கள். மாவு புளித்தது, மழை பெய்தது, அவ்வளவுதான் பேச்சு. இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உலகத்தில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ரொசிட்டா யோசிக்காமல் சொல்லும் பெயர் அதுதான்.

இந்த ஏற்பாட்டில் மண்ணள்ளிப் போட வந்து சேர்ந்தார் ஞானதிரவியம்.

ஏட்டுக்கூட்டை நடத்துபவர் அவர். அவரும் தூத்துக்குடிதான், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருசம் ஆகிறது. யார் எந்நேரத்தில் பதிவு போட்டாலும் முதல் பின்னூட்டம் அவருடையதாகத்தான் இருக்கும். எப்போது தூங்குவார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கையில் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

“என்ன அண்ணாச்சி, காலங்காத்தால?”

“போன மாசம் நம்ம கூட்டுல பகிர்ந்ததெல்லாம் கணக்கெடுத்தேன், கேட்டியளா. பத்துக்கு ஒம்பது, மெஷின் எழுதி, மெஷின் படிச்சு, மெஷினே கைதட்டினது. மனுசன் யாரு, மெஷின் யாருன்னே தெரியல. அதான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.”

பெட்டிக்குள் ஒரு மணிக்கட்டுப் பட்டையும், மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு சின்னப் பொட்டும் இருந்தன.

“இதுக்குப் பேரு மெய்வாசி. பட்டை நாடியப் பாக்கும். பொட்டு கண்ணு எந்த வரியில நிக்கின்னு பாக்கும். நீங்க ஒரு பதிவப் பகிர்ந்தா, அதுக்குக் கீழ ஒரு கோடு விழும். படிச்ச பத்தி பச்சை. தாண்டிக் குதிச்சது மஞ்சள். சிரிச்சது சிவப்பு. அழுதா அதையும் எழுதிக் காட்டும்.”

“தூங்கினா?”

“நீலம்.” அண்ணாச்சி சிரித்தார். “தூங்கிட்டா யாரும்மா பகிர்வா?”

“இந்தக் கோடு எழுதினவங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?”

“ஊருக்கே தெரியும். அதுதானம்மா விசயம்! இனிமே கோடு இல்லாமப் பகிர முடியாது. சனிக்கிழமையில இருந்து நடப்பு.”

“நீங்க போட்டுப் பாத்தியளா?”

அண்ணாச்சி பெருமையோடு பட்டையை மாட்டிக்கொண்டு, தான் முந்தின நாள் வானளாவப் புகழ்ந்த ஒரு பதிவை மறுபடி படித்துக் காட்டினார். கோடு மாம்பழம் மாதிரி மஞ்சளாக வந்தது. ஒரே இடத்தில் சிவப்பு. அது இரங்கல் குறிப்பு.

“மெஷின் புதுசு. பழகணும்,” என்று கழற்றிப் பெட்டிக்குள் போட்டார்.

இதே பெட்டி முந்நூறு பேருக்கும் போயிருந்தது. முதல் இரண்டு நாட்களிலேயே அவர்கள் உலகம் தலைகீழாகிவிட்டது. மதுரைக்காரர் ஒருவர் மனைவியின் பதிவைச் சோதனைக்குப் படித்துப் பார்த்திருக்கிறார். முழு மஞ்சள். எட்டிப் பார்த்த அந்த அம்மாள் இரண்டு வேளையாக அடுப்படிப் பக்கமே போகவில்லை. கும்பகோணத்தில் ஒருவர் பட்டையைத் தன் மாமியார் கையில் கட்டிவிட்டார். மாமியார் விமர்சனத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அடுத்து அந்த நாவலையே வாங்கித் தரச்சொல்லி நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார். பத்து வருசமாக ஒருவரையொருவர் ‘சிகரம்’ என்று அழைத்துக்கொண்ட இரண்டு பேர், ஒருவர் பதிவில் மற்றவர் மூன்று வரிக்கு மேல் தாண்டியதில்லை என்று தெரிந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உண்மை நல்லதுதான். ஆனால் அதைத் தினமும் சாப்பாட்டோடு பரிமாறினால் யார் தாங்குவார்கள்?

ரொசிட்டா ஊரைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவளுக்கு ஒரே கவலைதான். சனிக்கிழமை தெய்வாத்தாக்காவைப் பகிர்ந்தால் நாலாம் பத்தியிலிருந்து கோடு நீலமாக ஓடும். பகிராவிட்டால் பதினோரு வருசத்தில் முதல் முறையாகப் பட்டியலில் பெயர் இருக்காது. இரண்டில் எது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போன் வராது. அந்தப் பத்து நிமிடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரே வழி, முழுசாகப் படித்துவிடுவது.

வியாழக்கிழமை பதிவு வந்தது. முப்பத்தொரு பத்தி. ரொசிட்டா பட்டையைக் கட்டிக்கொண்டு, கால்களைப் பச்சைத்தண்ணீர் வாளிக்குள் விட்டபடி படித்தாள். நாலாம் பத்தியில் வாளி கவிழ்ந்த சத்தத்தில் விழித்தாள். எழுந்து நின்றுகொண்டு படித்தாள். பீரோவில் நெற்றி இடித்தது. கடைசியாகப் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு படித்தாள். இந்த முறை ஐந்தாம் பத்தியின் வாசல்வரை போனாள். ஆனால் கோட்டில், “வடக்கே வாய்க்கால்” என்ற இடத்தில் வாசகி கதறி அழுததாகப் பதிவாகியிருந்தது. அதை அழித்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு பதிவ ஒரே மூச்சுலதான் படிக்கணுமா?”

“தேவையில்ல. விட்டு விட்டுப் படிக்கலாம்.”

“மேல இருந்து கீழதான் படிக்கணுமா?”

“கீழ இருந்து மேல படிச்சாலும் மெய்வாசிக்கு ஒண்ணுதான். எல்லாப் பத்தியிலயும் கண்ணு பட்டிருக்கணும், அம்புட்டுதான். ஏன் கேக்கிய?”

“சும்மாதான்.”

நாலு பத்திதானே தாங்கும்? நாலு நாலாகப் பிரித்து, வாலிலிருந்து ஆரம்பித்துவிட்டால் சனிக்கிழமைக்குள் தலைக்கு வந்துவிடலாம். துறைமுகத்தில் எவ்வளவு பெரிய கப்பலையும் இழுவைப் படகு பின்பக்கமாக இழுத்துத் திருப்புவதை அவள் தினமும் பார்க்கிறவள். வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து, பதிவைத் திறந்து, நேரே கடைசிப் பத்திக்குப் போனாள்.

“...மேற்படி புத்தகத்தை முழு மனதோடு வாசித்து முடித்ததாகவும், இதில் கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்றும், கண்ணு ரொசிட்டா, இவ்வளவு தூரம் வந்துட்டீன்னா உனக்கு இன்னைக்குத் தூக்கம் வர்லைன்னு அர்த்தம், எந்நேரமானாலும் போன் போடு சாமி, நான் எடுக்கறேன், இதற்குச் சாட்சிகளாக...”

ரொசிட்டா அந்த வரியை மூன்று முறை படித்தாள். மணிக்கட்டில் பட்டை துடித்தது.

போன வாரப் பதிவைத் திறந்து கடைசிப் பத்திக்குப் போனாள். இருந்தது. அதற்கு முந்தின வாரம். இருந்தது. போன வருசம், அதற்கு முந்தின வருசம். ஒவ்வொன்றிலும் எல்லைகளுக்கும் சாட்சிகளுக்கும் நடுவே ஒரு வரி அவளுக்காக உட்கார்ந்திருந்தது. ‘கண்ணு, இன்னைக்கு உன்ற பொறந்தநாளு, இன்னைக்காச்சும் நல்லாத் தூங்கோணும், தூங்கலீன்னா போன் போடு.’ ‘கண்ணு, புயலுன்னு டிவில சொல்றாங்கொ, முழிச்சிருந்தீன்னா கூப்புடு.’ நாலு வருசத்துக்கு முந்திய ஒரு பதிவில்: ‘கண்ணு, நான் ஈரோட்டுல ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு இதெ எழுதறேன், வழுக்கி உழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு, ஆருகிட்டயும் சொல்லல, ஆனாலும் நீ கூப்புடு, போன் தலமாட்டுலதான் கெடக்குது.’

அந்தப் பதிவுக்கு அவள் போட்ட பின்னூட்டம் கீழே அப்படியே இருந்தது: ‘நகைச்சுவை அபாரம் அக்கா. விழுந்து விழுந்து சிரித்தேன்.’

அவமானத்தில் ரொசிட்டாவுக்குக் காது மடல்வரை எரிந்தது. போனை எடுத்தாள். மறுமுனையில் பாதி மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

“ஏன் கண்ணு, தூக்கம் வர்லயா?”

“அக்கா...” என்று ஆரம்பித்தாள் ரொசிட்டா.

“வெள்ளிக்கெழம கூப்புடறியேன்னு பதறிப்போச்சு. எத்தன நாளாத் தூங்கல? சொல்லு சாமி.”

“நல்லாத்தான் அக்கா தூங்குதேன். உங்க பதிவு, அதுல கடைசிப் பத்தியில...”

தெய்வாத்தாள் இடிந்துபோன குரலில் கேட்டார். “அதுவரைக்கும் படிச்சுப்போட்டயா? அத்தன சுவாரசியமாவா இருந்துச்சு?”

“இல்லக்கா! பின்னால இருந்து படிச்சேன்.”

“அப்படிச் சொல்லு.” பெருமூச்சு கேட்டது. “பயந்தே போனேன்.”

“எதுக்குக்கா இப்படி?”

“நீதான எழுதுன, பதனோரு வருசத்துக்கு முன்னால. பத்திரப் பதிவுச் சட்டக் கையேடு ஒண்ணப் பத்தி எழுதியிருந்தேன். அன்னைக்கு நீ பின்னூட்டம் போட்டிருந்த. ‘அக்கா, பதினேழு நாளாகத் தூங்கவில்லை, இன்னைக்கு உங்கள் பதிவைப் படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன், மன்னியுங்கள்’னு. மன்னிக்கறதாவது! பதனேழு நாளுத் தூங்காத புள்ளைய ஒரு பதிவு தூங்க வெச்சிருக்குதுன்னா அதெ விட்டுப்போட்டு நான் வேற என்னத்தெ எழுதறது?”

“அக்கா, உங்களப் படிச்சிட்டிருந்த எல்லாரும் போயிட்டாங்களே.”

“போவுட்டும். அவிங்கெல்லாம் நல்லாத் தூங்கறவிங்க.”

ரொசிட்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“நீ நெனைக்கற மாதிரி இது சுலுவில்ல கண்ணு,” தெய்வாத்தாளின் குரலில் தொழில் பெருமை ஏறியது. “நல்லா எழுதறதுன்னா அர நாள்ல எழுதிப்போடுவேன். இது அப்படியில்ல. ஒவ்வொரு வரியிலயும் ஒரு வேடிக்கை வந்து எட்டிப் பாக்கும். அதெப் புடுச்சு வெளிய தள்ளோணும். நாலு நாளு ஆவுது ஒரு பதிவுக்கு. முப்பது பத்தி எழுதறதுக்குள்ள எனக்கே நாலு தடவ கண்ணக் கட்டும்.”

“இடுப்பு ஒடஞ்சத ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னனே. பதிவுலயே சொன்னேன்.”

“நான் படிக்கலியே!”

“நீ படிக்கலீன்னுதான் ஆஸ்பத்திரிலயும் நிம்மதியா இருந்தேன். புள்ள தூங்கிட்டான்னு.”

ரொசிட்டா அழுதாள். இந்த முறை மிளகாய் இல்லை. பட்டை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. கொஞ்சம் அடங்கிய பிறகு மெய்வாசியைப் பற்றி முழுசாகச் சொன்னாள். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம், ஊருக்கே தெரியும் கோடு, சனிக்கிழமைக் கெடு. “மிச்சத்தையும் படிச்சு முழுப்பச்சையாப் போட்டுருதேன்க்கா. உங்களுக்கு ஒரு குறைச்சலும் வராது.”

“பச்சையா?” தெய்வாத்தாள் அதிர்ந்தார். “பதனோரு வருசம் பாடுபட்டுப்போட்டு ஊரு முன்னால என்ற மானத்தெ வாங்கறதா? முழுப்பச்சை வந்துச்சுன்னா நான் தோத்துப்போயிட்டன்னு அர்த்தம். நீலம் போடு கண்ணு. எத்தனாம் பத்தியிலன்னு நானும் பாக்கறேன்.”

அன்று ரொசிட்டா பழைய கோட்டை அழித்துவிட்டுப் பதிவை முதலிலிருந்து மறுபடி திறந்தாள். நியாயமாகப் பார்த்தால் இப்போது தூக்கம் வரக் கூடாது. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒருவர் உட்கார்ந்து வேடிக்கைகளை வெளியே தள்ளுவது அவளுக்குத் தெரிந்தது. கிழக்கே முன்னுரை. மேற்கே பின்னட்டை. வடக்கே வாய்க்கால். யார் இவ்வளவு பாடுபட்டு அவளைத் தூங்கவைத்தார்கள், சின்ன வயசுக்குப் பிறகு? கண்கள் சொருகின.

சனிக்கிழமை பத்து மணிக்கு ‘ஏழு சுட்டிகள்’ வந்தது. முதல் சுட்டி ‘ஆற அமர’. கீழே கோடு இத்தனூண்டு பச்சை, மிச்சமெல்லாம் கடல் நீலம். பக்கத்தில் ரொசிட்டாவின் இரண்டு வரி: ‘பதினோரு வருசமாக என்னைத் தூங்கவைக்கும் எழுத்து. இதற்கு நான் வைத்திருக்கும் மரியாதையை எந்தக் கோட்டாலும் காட்ட முடியாது.’

பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு அண்ணாச்சி போன் போட்டார்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கிய! பதிவுலகமே சிரிக்கி. அந்த அம்மா மனசு என்ன பாடுபடும்?”

“அவங்க பின்னூட்டம் போட்டிருக்காங்க பாருங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சி பார்த்தார். தெய்வாத்தாள் பதினோரு வருசத்தில் முதன்முறையாகச் சின்னதாக ஒன்று எழுதியிருந்தார்: ‘மூணாம் பத்தியிலேயேவா! நான் நினைத்ததுக்கு இது தேவலை.’

“எனக்கு ஒண்ணும் வெளங்கல,” என்றார் அண்ணாச்சி.

“ஒரு தடவ படிச்சுப் பாருங்க. வெளங்கும்.”

சிரித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முறை ‘ஆற அமர’வுக்குப் போய்ப் பார்த்தார்கள். அடுத்த வாரத்துக்குள் அது ஏட்டுக்கூட்டின் சரித்திரத்திலேயே அதிகம் பகிரப்பட்ட வலைப்பூ ஆகிவிட்டது. கீழே வரிசையாக நீலக் கோடுகள். நர்சுகள், வாட்ச்மேன்கள், வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பெண்கள். ‘ஆறாம் பத்தி, நன்றி அம்மா.’ ‘ரெண்டாம் பத்தி, மாத்திரையை நிறுத்திவிட்டேன்.’ முன்பு வெளியூர் போன அந்தக் கவிஞரும் ஒரு நீலம் போட்டிருந்தார். உலகத்தில் இவ்வளவு பேர் தூங்காமல் இருக்கிறார்கள் என்பது அதுவரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை ரொசிட்டா நாலாம் பத்தியில் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்தாள். பின்னூட்டம் போடுவதற்கு முன்னால், புதிதாகப் பழகியிருக்கும் வழக்கப்படி, கடைசிப் பத்திக்குப் போனாள். இந்த முறை வரி மாறியிருந்தது. ‘கண்ணு, நீ ஆராயிருந்தாலுஞ் சரி, இவ்வளவு தூரம் வந்துட்டீன்னா உனக்குத் தூக்கம் வர்லைன்னு அர்த்தம், போன் போடு சாமி.’ அவள் பெயர் அதில் இல்லை. பக்கத்தில் போன் எண் மட்டும் இருந்தது.

மனசுக்குள் ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்த்தது. கீழே இறங்கிக் கோடுகளைப் பார்த்தாள். நீலம், நீலம், நீலம். நடுவே ஒன்று மட்டும் முதல் பத்தியிலிருந்து முப்பத்துமூன்றாம் பத்திவரை, இலை விரித்தது மாதிரி முழுப்பச்சை. பகிர்ந்தவர் பெயர் ஞானதிரவியம்.

ரொசிட்டா போனை எடுத்துத் தெய்வாத்தாக்காவுக்குப் போட்டாள். பதினோரு வருசத்தில் முதல் முறையாக அந்த எண் பிஸியாக இருந்தது. அரை மணி கழித்துப் போட்டாள். அப்போதும் பிஸி.

அவள் மறுபடி போடவில்லை. போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பதிவைப் பகிரும் இடத்துக்குப் போய், தன் இரண்டு வரிகளை எழுதினாள். அவற்றுக்குக் கீழே, அக்காவின் எண் கிடைக்காதவர்களுக்காக, தன்னுடைய எண்ணையும் சேர்த்தாள்.